வேதாளத்தை வரைந்தவர்கள்

எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்கு மேலே ஒரு படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. உருவிய வாளோடு ஒரு ராஜா நடந்து போகிறார். தோளில் ஒரு பிணம். சுற்றிலும் மண்டை ஓடு, எலும்பு, முறுக்கிக்கொண்டு நிற்கிற ஒரு மரம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "அட, விக்கிரமாதித்தன் வேதாளம்!" என்பார்கள். உடனே அம்மா, "எட்டாங்கிளாஸ் படிக்கும்போது இவன் வரைஞ்சது. ஸ்கூல்ல முதல் பரிசு" என்று ஆரம்பித்துவிடுவாள். கீழே வலது மூலையில் ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை எழுத்தில் என் பெயர்.

அந்தப் படம் என்னுடையது இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன். படிப்பது பி.காம்., எழுதுவது ஓவிய வரலாறா என்று வகுப்பில் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், கடைசியில் கணக்குப் பாடமும் வரும். :)

ஆற்றங்கரை வேதாளம்

அம்மாவைப் பெற்ற தாத்தா வீடு விக்கிரமசிங்கபுரம். பாபநாசம் மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணி முதலில் தொடுகிற ஊர்களில் ஒன்று. தாத்தா மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மில்லுக்குப் போய் வந்த காலத்தில் மாதாமாதம் வாங்கிய அம்புலிமாமாவை வருடம் வாரியாக பைண்டு பண்ணி, தகரப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்திருந்தார். கோடை விடுமுறைக்குப் போனால் மதியம் முழுக்க அந்தப் பெட்டிதான் என் உலகம்.

சின்ன வயதில் ஊரின் பெயரை வைத்து நானே ஒரு கதை கட்டியிருந்தேன். விக்கிரமசிங்கபுரம் என்றால் விக்கிரமனுடைய ஊர். ஆற்றங்கரையில் சுடுகாடு இருக்கிறது. அப்படியென்றால் வேதாளம் தொங்கும் மரமும் அங்கேதான் இருக்க வேண்டும்! ஆச்சியிடம் கேட்டேன். "பொழுது சாஞ்ச பொறவு அந்தப் பக்கம் போயிராதல" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அதுவே ஆதாரமாகப் போய்விட்டது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாததற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. சுடலைமாடன். பெயரிலேயே சுடலை, அதாவது சுடுகாடு. கொடை நடக்கும்போது நடுச்சாமத்தில் சாமியாடி வேட்டைக்கு என்று சுடுகாட்டுப் பக்கம் போவதை நாங்கள் போர்வைக்குள்ளிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். சுடுகாட்டுக்கு இரவில் தனியாகப் போய் வருகிற ஒருவர் எங்களுக்குக் கற்பனை இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம். பல இடங்களில் சுடலைக்கு முகம் கிடையாது. சுண்ணாம்பு அடித்த பூடம்தான் சாமி. முகத்தை நாமே மனதில் வரைந்துகொள்ள வேண்டும். வேதாளத்துக்கோ ஒருவர் முகம் வரைந்து கொடுத்திருந்தார். அந்த ஒருவர் யார் என்று நான் கேட்டதே இல்லை.

கதை எங்கிருந்து வந்தது

முதலில் கதையின் வரலாறு, சுருக்கமாக.

நாம் விக்கிரமாதித்தன் வேதாளம் கதை என்று சொல்வதற்கு வடமொழியில் ‘வேதாள பஞ்சவிம்சதி’ என்று பெயர். வேதாளம் இருபத்தைந்து என்று அர்த்தம். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய ‘கதாசரித்சாகரம்’ என்ற பெரிய நூலுக்குள் இது வருகிறது. அதே காலத்து க்ஷேமேந்திரரும் இதைச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேருமே அதற்கும் பழைய ‘பிருகத்கதா’ மரபிலிருந்து எடுத்தவர்கள்.

சோமதேவரிடம் ராஜாவின் பெயர் திரிவிக்கிரமசேனன். ஊர் உஜ்ஜயினி இல்லை, கோதாவரிக்கரைப் பிரதிஷ்டானம். பிற்காலத்தில்தான் இவர் விக்கிரமாதித்தன் ஆகிறார். ஒரு சந்நியாசி தினமும் ஒரு பழம் கொண்டுவந்து கொடுக்கிறான். பழத்துக்குள் ரத்தினம். என்ன வேண்டும் என்று ராஜா கேட்க, அமாவாசைக்கு முந்தின இரவில் சுடுகாட்டு மரத்தில் தொங்கும் பிணத்தைக் கொண்டுவந்து தரவேண்டும் என்கிறான். பிணத்துக்குள் வேதாளம் குடியிருக்கிறது. வழியில் அது கதை சொல்லி, முடிவில் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வாயைத் திறந்தாலோ மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்கே திரும்பிவிடும். கடைசிக் கேள்விக்கு ராஜாவுக்கு விடை தெரியவில்லை. பேசாமல் நடக்கிறார். அப்போதுதான் வேதாளம் மனமிரங்கி, சந்நியாசி உன்னைப் பலியிடப் போகிறான் என்று எச்சரிக்கிறது.

இந்தக் கதை வடக்கே மலை தாண்டி திபெத்துக்கும் மங்கோலியாவுக்கும் போனது. அங்கே பிணத்தைத் தோளில் நேராகச் சுமப்பதில்லை, சாக்குக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஓவியருக்கு எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று யோசியுங்கள். சாக்குக்குள் போய்விட்டால் வேதாளத்துக்கு முகமே வரைய வேண்டாம்!

தெற்கே தமிழுக்கு வந்தபோது இன்னொரு மாற்றம். வடமொழியில் அந்த மரம் சிம்சபா. இந்தி மரபில் சிரீஷ மரம். தமிழில் மட்டும் அது முருங்கை மரம். ‘வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது’ என்பது நம் வீட்டுப் பழமொழியாகவே ஆகிவிட்டது. தாத்தா வீட்டுக் கொல்லையில் முருங்கை உண்டு. ஏறினால் ஒடிந்துவிடும் என்று காலையும் மாலையும் திட்டு வாங்கியிருக்கிறேன். பிணம் தொங்கும் அளவுக்குப் பலமான மரம் அது இல்லை. ஆனால் கொல்லைப்புறத்தில் ஒற்றையாக, இருட்டில் வெளுப்பாக நிற்கிற மரம். பயமுறுத்தப் பொருத்தமான மரம்தான்.

யார் யாரைச் சுமப்பது

வரையப்பட்ட வேதாளங்களில் உலகம் நிறையப் பார்த்தவற்றில் ஒன்று லண்டனில் பிறந்தது. 1870ல் ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலேயர் இந்தக் கதைகளில் பதினொன்றைத் தன் போக்கில் திருப்பி எழுதி ‘விக்ரம் அண்ட் தி வாம்பயர்’ என்று வெளியிட்டார். படம் வரைந்தவர் எர்னஸ்ட் கிரிசெட். பிரான்சில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர். விசித்திரமான மிருகப் படங்களுக்குப் பெயர் போனவர். பர்ட்டனின் எழுத்தில் வேதாளம் பழந்தின்னி வௌவால் போலத் தலைகீழாகத் தொங்குகிறது. பெயரே ‘வாம்பயர்’ ஆனபிறகு வௌவால் வராமல் இருக்குமா? கிரிசெட்டின் படங்களிலும் அது பாதி விலங்காகத்தான் இருக்கிறது. ஐரோப்பியனுக்குத் தெரிந்த பேயை நம் கதைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

தமிழில் இன்னொரு பக்கம் ‘பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை’ என்ற புத்தகம். திருவிழாக் கடைகளில் விற்ற வகை. எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்களுக்காகப் பெரிய எழுத்தில் அச்சடித்து, நடுநடுவே கோட்டுப் படங்கள் சேர்த்தது. இந்தக் கதையில் வேதாளத்தோடு சமாச்சாரம் முடிந்துவிடுவதில்லை. முப்பத்திரண்டு பதுமைகள், மந்திரி பட்டி, காடாறு மாதம் நாடாறு மாதம் என்று விரிந்துகொண்டே போகிறது. வேதாளம் விக்கிரமாதித்தனுக்கு ஏவலாளாகி, நினைத்தவுடன் வந்து அவனைச் சுமந்து போகிறது. முதலில் ராஜா வேதாளத்தைச் சுமந்தார், பிறகு வேதாளம் ராஜாவைச் சுமக்கிறது.

இதைப் படிக்கும்போது எனக்கு கிருஷ்ணாபுரம் ஞாபகம் வந்தது. பாளையங்கோட்டை தாண்டி திருச்செந்தூர் ரோட்டில் போனால் வெங்கடாசலபதி கோயில். பதினாறாம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் எழுந்தது. அங்குள்ள தூண் சிற்பங்களில் குறவன் ஒருவன் அரசகுமாரியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். இன்னொரு தூணில் குறத்தி அரசகுமாரனைத் தூக்கிக்கொண்டு போகிறாள். இவற்றுக்கும் வேதாளக் கதைக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் ஒரு மனித உடம்பை இன்னொரு மனித உடம்பு சுமப்பதை எப்படிக் காட்டுவது என்ற பிரச்சினை ஒன்றுதான். பாரம் தெரிய வேண்டும், ஆனால் சுமப்பவர் நின்றுவிட்டதாகத் தெரியக்கூடாது. நானூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சிற்பி இதைக் கல்லில் தீர்த்துவிட்டான். அவன் பெயரும் நமக்குத் தெரியாது.

வடபழநியில் ஒரு மேஜை

1947 ஜூலை. சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்னால், சென்னையில் பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் ஒரு சிறுவர் பத்திரிகையைத் தொடங்கினார்கள். தெலுங்கில் ‘சந்தமாமா’, தமிழில் ‘அம்புலிமாமா’. ‘பாதாள பைரவி’, ‘மாயாபஜார்’ எடுத்த விஜயா நிறுவனத்தின் அதே நாகிரெட்டி, சக்ரபாணிதான். 1949ல் கன்னடமும் இந்தியும் சேர்ந்தன. பிறகு மற்ற மொழிகள் ஒவ்வொன்றாக. பின்னாளில் சிங்களத்தில்கூட வந்தது.

அம்புலிமாமா என்றாலே படம்தான் முதலில் ஞாபகம் வரும். எம்.டி.வி. ஆச்சார்யா, ‘சித்ரா’ என்று கையெழுத்திட்ட ராகவன், அட்டைப்படங்களுக்கு வட்டாதி பாப்பையா என்று ஒரு வரிசையே உண்டு. அந்த வரிசையில் 1952ல் வந்து சேர்ந்தவர்தான் சங்கர். முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன். 1924ல் கொங்கு நாட்டில் பிறந்தவர். பத்து வயது வாக்கில் குடும்பத்தோடு சென்னை வந்தார். முத்தியால்பேட்டை பள்ளியில் படித்தபோது அவருடைய ஓவிய ஆசிரியர், நீ பி.ஏ. எல்லாம் படிக்க வேண்டாம், ஓவியக் கல்லூரிக்குப் போ என்று சொன்னாராம். 1941ல் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அப்போது அங்கே முதல்வர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி, மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த அதே சிற்பி. படிப்பு முடிந்ததும் 1946ல் கலைமகளில் வேலை. அங்கிருந்து அம்புலிமாமா. அதற்குப் பிறகு ஏறக்குறைய அறுபது வருடம் அதே பத்திரிகைக்கு வரைந்தார். ஒரு மனிதன் ஒரே வேலையில் அறுபது வருடம்!

விக்கிரமனும் வேதாளமும் அம்புலிமாமாவில் மாதாமாதம் வரத் தொடங்கினார்கள். மூலத்தில் உள்ள கதைகள் இரண்டு வருடத்தில் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. வெவ்வேறு கதைகளை எடுத்து, முடிவில் ஒரு கேள்வி வைத்து, அதே சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டே போனார்கள். இப்படி நூற்றுக்கணக்கான கதைகள். ஒவ்வொன்றின் தொடக்கமும் முடிவும் ஏறக்குறைய ஒரே வாக்கியங்கள். தலைப்பில் அதே படம். வாள், பிணம், நடை.

அந்தப் படத்தில் சங்கர் என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். கிரிசெட் மாதிரி வேதாளத்தை விலங்காக்கவில்லை. அது ஒரு மனிதப் பிணம். மெலிந்த உடம்பு, வெளுத்த தலைமுடி. சுடுகாட்டில் இருக்கவேண்டிய பயங்கரம் எல்லாம் சுற்றிலும் இருக்கிறது. ஆனால் நடுவில் இருக்கிற ராஜா பயப்படவில்லை, வீரமாக யாரையும் வெட்டவும் இல்லை. நடக்கிறார், அவ்வளவுதான். காதில் ஒரு கதை விழுந்துகொண்டிருக்கிறது. கதையின் உச்சக்கட்டம் என்று பார்த்தால் சந்நியாசியை வெட்டுகிற காட்சியை வரைந்திருக்கலாம், வேதாளம் பறக்கிற காட்சியை வரைந்திருக்கலாம். அவர் எடுத்துக்கொண்டது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நடையை. அதனால்தான் நூற்றுக்கணக்கான கதைக்கும் அந்த ஒரே படம் பொருந்தியது. ஒவ்வொரு மாதமும் குழந்தை பக்கத்தைப் புரட்டும்போது ராஜா நடந்துகொண்டே இருக்கிறார். கதை சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம்.

குழந்தை பயந்துபோய் மூடிவிடாத அளவுக்கு பயம், மறுபடி திறந்து பார்க்கும் அளவுக்கு அழகு. இந்த அளவு எங்கிருந்து அவருக்குக் கிடைத்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இப்போது கணக்குப் பாடம்

சொன்ன மாதிரி காமர்ஸ் வந்துவிட்டது.

அம்புலிமாமாவின் எல்லா மொழிப் பதிப்புகளுக்கும் படம் ஒன்றுதான். எழுத்து மட்டும் மாறும். காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு உடனே புரியும். ஓவியர் சம்பளம் நிலையான செலவு. ஒரு மொழியில் மட்டும் அச்சடித்தால் அந்தச் செலவு முழுக்க அந்த ஒரு பதிப்பின் தலையில் விழும். பத்து மொழியில் அச்சடித்தால் பத்தில் ஒரு பங்கு. சின்னப் பத்திரிகைகளால் கொடுக்க முடியாத உழைப்பை, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நுணுக்கமான படத்தை, அம்புலிமாமாவால் கொடுக்க முடிந்ததற்கு இந்தக் கணக்கு ஒரு காரணம்.

ஆனால் இந்தக் கணக்கு ஓவியத்தையும் மாற்றுகிறது. ஒரே படம் பஞ்சாபிலும் கேரளத்திலும் செல்ல வேண்டும். படத்துக்குள் எழுத்து வரக்கூடாது. ராஜாவின் உடை எந்த ஒரு ஊருக்கும் சொந்தமாக இருக்கக்கூடாது, எல்லா ஊருக்கும் ராஜாவாகத் தெரியவேண்டும். தமிழ்க் கதையில் முருங்கை மரம் என்று எழுதியிருந்தாலும் படத்தில் ஒரு முருங்கைக்காய்கூடத் தொங்காது. மற்ற மொழிக்காரர்கள் குழம்பிவிடுவார்கள் அல்லவா? இது என் ஊகம்தான். ஆனால் எந்த ஊர் மரம் என்று சொல்லமுடியாத அந்த முறுக்கிய மரம்தான், எங்கள் ஆற்றங்கரை மரம் என்று என்னை நம்ப வைத்தது. பஞ்சாபில் ஒரு பையனும் அவன் ஊர் மரம் என்று நம்பியிருப்பான்.

1985ல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகர் ‘விக்ரம் அவுர் பேத்தால்’ எடுத்தார். பிறகு ராமனாக நடித்த அருண் கோவில்தான் விக்ரம். அதிலும் வெள்ளை முடியோடு ஒரு கிழ வேதாளம் ராஜாவின் முதுகில் ஏறிக்கொண்டு வருகிறது. அம்புலிமாமா படித்து வளர்ந்த தலைமுறைக்கு அதை அடையாளம் கண்டுகொள்வதில் சிரமம் இருந்திருக்காது. 2017ல் புஷ்கர் – காயத்ரியின் ‘விக்ரம் வேதா’. படம் தொடங்கும்போதே விக்கிரமாதித்தன் கதையை வரைகலையில் காட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒரு போலீஸ்காரர், ஒரு தாதா. தாதா கதை சொல்லிக் கேள்வி கேட்கக் கேட்க, போலீஸ்காரரின் நியாயம் ஆட்டம் காண்கிறது. தோளில் யாரும் இல்லை, ஆனால் சுமை இருக்கிறது. இதுவும் ஒரு விளக்கப்படம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கதையை அப்படியே வரையாமல், அதன் எலும்பை மட்டும் வரைந்தது.

அம்புலிமாமா என்ன ஆனது? 1998ல் நின்றது. இடைவெளிக்குப் பிறகு புது முதலீட்டோடு மறுபடி வந்தது. 2007ல் ஜியோடெசிக் என்ற மும்பை மென்பொருள் கம்பெனி வாங்கியது. 2013 வாக்கில் இதழ்கள் வருவது நின்றுபோனது. ஜியோடெசிக்கும் கடனில் மூழ்கி, நீதிமன்றம் வரை போய், கலைக்கப்படும் நிலைக்கு வந்தது. அப்படி ஒரு கம்பெனி கலையும்போது என்ன நடக்கும் என்பது எங்கள் கார்ப்பரேட் அக்கவுண்டிங் பாடத்தில் இருக்கிறது. சொத்துப் பட்டியல் போடுவார்கள். கட்டடம், இயந்திரம், கையிருப்பு. அதற்குக் கீழே ‘தொட்டறிய முடியாத சொத்துகள்’ என்று ஒரு வரி. விக்கிரமனும் வேதாளமும் அந்த ஒரு வரிக்குள்தான் இருப்பார்கள்.

அந்தப் படம் யாருடையது?

வணிகச் சட்டம் நடத்திய நாளில் நான் சாரிடம் இதைக் கேட்டேன். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17வது பிரிவைப் படிக்கச் சொன்னார். பத்திரிகையில் வேலை செய்யும் ஒருவர், அந்த வேலையின் பகுதியாகப் பத்திரிகைக்காக ஒன்றை எழுதினாலோ வரைந்தாலோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பத்திரிகைகளில் வெளியிடும் உரிமைக்கு முதல் சொந்தக்காரர் பத்திரிகை முதலாளி. மற்ற எல்லா விதத்திலும் முதல் சொந்தக்காரர் படைத்தவர். சங்கருக்கும் பத்திரிகைக்கும் இடையே என்ன ஒப்பந்தம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். ஆனால் 57வது பிரிவு இன்னொன்று சொல்கிறது. உரிமையை விற்றே விட்டாலும், இது நான் படைத்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரை விட்டுப் போகாது. அதை யாருக்கும் விற்க முடியாது.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நிஜமாக.

ஏனென்றால் எட்டாம் வகுப்பில் நான் எடுத்தது அதைத்தான். பள்ளியில் ஓவியப் போட்டி அறிவித்தார்கள். வீட்டில் வரைந்து கொண்டுவரலாம் என்றார்கள். தாத்தாவின் பைண்டு புத்தகத்தைத் திறந்துவைத்து, கட்டம் போட்டு, மூன்று நாள் உட்கார்ந்து பெரிதாக்கி வரைந்தேன். பாராட்டத்தக்க உழைப்புதான், அதை மறுக்கவில்லை. மூலப் படத்தின் ஓரத்தில் சின்னதாக ஏதோ கோடு கோடாக இருந்தது. புல் என்று நினைத்தேன். புல்லாகவே வரைந்துவிட்டேன். அதற்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். பரிசு கொடுத்தவர்கள் "சொந்தமா வரைஞ்சதா தம்பி?" என்று கேட்டார்கள். "ஆமா சார்" என்றேன். பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை. என் கைதானே வரைந்தது?

2020 செப்டம்பர் 29. ஆன்லைன் வகுப்புகள் நடந்த நாட்கள். செல்போனில் ஒரு செய்தி வந்தது. அம்புலிமாமா ஓவியர் சங்கர் 96 வயதில் காலமானார். செய்தியோடு அந்தப் படம். ஹாலில் எங்கள் தலைக்கு மேலே தொங்கும் அதே படம். பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு தாத்தா புத்தகத்தை எடுத்து, என் பழைய பக்கத்தைத் தேடினேன். புல் இல்லை. அது கையெழுத்து.

அடுத்த வருடம், 2021ல், அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஆள் போனபிறகு. கையெழுத்தைப் புல்லாக்கியது நான் ஒருவன் மட்டும் இல்லை என்று அப்போது ஒரு அற்ப ஆறுதல் வந்தது. அதை நினைத்தாலும் இப்போது வெட்கமாக இருக்கிறது. அம்புலிமாமா படித்த எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்! எல்லோருக்கும் படம் தெரிகிறது. வேதாளத்தின் முடி எந்தப் பக்கம் பறக்கும் என்பதுகூடச் சிலருக்கு ஞாபகம் இருக்கிறது. வரைந்தவர் பெயர் கேட்டால் பத்தில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம்.

கிருஷ்ணாபுரத்துச் சிற்பிக்குக் கையெழுத்துப் போடும் வழக்கம் இல்லை. பெரிய எழுத்துப் புத்தகத்தில் படம் வெட்டியவர் பெயரைத் தேடினால் பல நேரம் கிடைக்காது. ஆனால் சங்கர் கையெழுத்துப் போட்டார். மாதாமாதம் போட்டார். நாம்தான் படிக்கவில்லை.

வேதாளம் என்னிடம் கேட்டது

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். படத்தைக் கழற்றிக் கீழே வைத்தார்கள். யாரும் இல்லாத நேரத்தில் நான் சட்டத்தைத் திருப்பி, பின்பலகையைப் பிரித்து, படத்தை வெளியே எடுத்தேன். கிழித்துப் போட மனம் வரவில்லை. புல் இருந்த இடத்தில் ரப்பர் வைத்து லேசாக அழித்து, பென்சிலால் எழுதினேன்: ‘மூலப்படம்: சங்கர்’. என் பெயருக்கு முன்னால் ‘பார்த்து வரைந்தது’ என்று சேர்த்தேன்.

சாயங்காலம் அம்மா மறுபடி மாட்டும்போது கண்டுபிடித்துவிட்டாள்.

"யாருல இந்த சங்கர்?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன், பரிசு வாங்கியது வரைக்கும். அம்மா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அப்பவே சொல்லிருந்தா அந்த மனுசன் உயிரோட இருந்தாரு. ஒரு லெட்டராவது போட்டிருக்கலாம்" என்றாள்.

எட்டாம் வகுப்பு படித்தது 2017ல். அவர் இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் சென்னையில் உயிரோடு இருந்தார். அந்தக் கணக்கு எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

இப்போது வீட்டுக்கு யாராவது வந்து "அட, விக்கிரமாதித்தன் வேதாளம்!" என்றால், அம்மா "சங்கர்னு ஒருத்தர் வரைஞ்சது. இவன் பாத்து வரைஞ்சான்" என்கிறாள். பரிசு வாங்கியதை இன்னும் விடாமல் சொல்கிறாள், அது வேறு விஷயம்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய அம்புலிமாமா இருந்தால் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். படத்தின் ஓரத்தில், புல் மாதிரி, கல் மாதிரி ஏதாவது தெரிந்தால் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் வாசியுங்கள்.